ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகுகிறார்கள். திரையில் ஆக்சிஜன் சென்சார் பெயர் வருகிறது. புதுசு வாங்கி மாட்டி, எரர் கோடை அழித்து, காரைக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்தவர், பார்ட்ஸ் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார். பழைய சென்சாரோ நல்ல நிலையிலேயே குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. சாட்சி சொன்னவனையே கூண்டில் ஏற்றும் இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். கார் வைத்திருப்பவர்களுக்கும், புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கும் பயன்படும் என்று நம்புகிறோம்.

ஆக்சிஜன் சென்சார் என்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ அதை ஒட்டிய குழாயிலோ திருகியிருக்கும், ஸ்பார்க் பிளக் போன்ற ஒரு பொருள். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் குப்பி இருக்கிறது. குப்பியின் உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் எஞ்சின் புகை. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும், இரண்டு பக்கத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் சிறு மின்னழுத்தமாக வெளிவருகிறது. புகையில் ஆக்சிஜன் குறைந்தால், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருந்தால், 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். ஆக்சிஜன் மிஞ்சினால், அதாவது லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்தால், 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கைச் சுற்றியே கலவை நின்றால்தான் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யும். அதனால் எஞ்சின் கம்ப்யூட்டர் இந்த வோல்ட்டைப் பார்த்துப் பார்த்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது 1995இல். பிறகு எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) எஞ்சின்கள் வந்தபோது இந்தச் சென்சாரும் கூடவே வந்தது.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் பிளக் சரியாக அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே வெளியே வருகின்றன. கையை வைத்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஆனால் சென்சார் காற்றைப் பார்த்து 'லீன்' என்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கீறல் இருந்தாலும் இதே கதைதான். புகை துடித்துத் துடித்துப் போகும்போது இடையிடையே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, சென்சார் அதையும் லீன் என்றே சொல்கிறது. இரண்டிலும் சென்சார் சொன்னது உண்மை. அதை மாற்றி என்ன பயன்?

ஆகவே சென்சாரில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்டு பக்கம் காது கொடுத்தால், லீக் இருந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடும் தெரியும். வேக்கம் ஹோஸ்களை (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த ரப்பர் குழாய்கள்) ஐடிலிங்கில் ஒவ்வொன்றாக விரலாலோ மொண்ணையான பிளையராலோ நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஆர்பிஎம் மாறி எஞ்சின் ஓட்டம் சீராகிறதோ அங்கே வெடிப்பைத் தேடலாம். பிளக், காயில், ஏர் ஃபில்டர், ஃப்யூவல் பிரஷர் எல்லாம் வழக்கமான வேலை. நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது தெர்மோஸ்டாட். எஞ்சின் ஹீட் ஆகிறது என்று அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. கழற்றிவிட்டால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரத் தாமதமாகிறது. ஓட்டத்தில் வராமலே கூடப் போகலாம். எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பழுதாகி எப்போதும் குளிர் என்றே காட்டினாலும் இதுவே நடக்கும். மைலேஜ் குறையும், பிளக் கரி பிடிக்கும், பழி ஆக்சிஜன் சென்சார் மேல் விழும்.

எரர் கோடைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சுற்றில் கோளாறு. ஃபியூஸ், வயர், ஹீட்டர், எதுவாகவும் இருக்கலாம். பி0133 என்றால் சென்சார் மந்தமாகப் பதில் சொல்கிறது. வயதான சென்சாரை உண்மையிலேயே சந்தேகிக்க வேண்டிய கோட் இதுதான். பி0134 சிக்னலே வரவில்லை என்கிறது. பி0131, பி0132 இரண்டும் வோல்ட் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்பதைக் குறிப்பவை. பி0171, பி0172 ஆகியவை கலவையைப் பற்றிய புகார்கள். இவற்றுக்குச் சென்சாரை மாற்றுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. பி0420 வந்தால் கன்வர்ட்டரைப் பாருங்கள். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாமல் நிற்பதுதான் ஆரோக்கியம். அதை 'செத்த சென்சார்' என்று கழற்றிவிடக் கூடாது. 2010க்கு முந்திய பல கார்களில் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது. அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் மல்டிமீட்டர் போதும்.

டிஜிட்டல் மல்டிமீட்டராக இருக்கட்டும். பழைய முள் மீட்டரும் டெஸ்ட் லேம்பும் சிக்னல் வயரில் படவே கூடாது. அவை இழுக்கும் கரன்ட்டைத் தர இந்தச் சின்னக் குப்பியால் முடியாது, கெட்டுப்போகும். சிக்னல் வயரில் ஓம்ஸ் பார்ப்பதும் கூடாது.

முதலில் ஹீட்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்சார் வயரைக் காரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். நாலு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும். அவை ஹீட்டருக்கு உரியவை. பாஷ், என்டிகே வகைகளில் இரண்டும் வெள்ளை, சிக்னல் கறுப்பு, அதன் எர்த் சாம்பல். டென்சோவில் ஹீட்டர் வயர் இரண்டும் கறுப்பு, சிக்னல் நீலம், எர்த் வெள்ளை. சென்சார் பக்கத்தில் ஹீட்டர் வயர்களுக்கு இடையே ஓம்ஸ் பார்த்தால், வகையைப் பொறுத்து 3 முதல் 15 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஓம்ஸ் சரியாக இருந்தால், சாவியைப் போட்டு கார் பக்கத்துக் கப்ளரில் ஹீட்டர் சப்ளைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் எஞ்சின் ஓடும்போதுதான் வரும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயரிங். சில ரூபாய் ஃபியூஸ் போனதற்குச் சென்சாரை மாற்றிய கார்கள் உண்டு. ஊருக்குள் மைலேஜ் அடிவாங்கி, பைபாஸில் மட்டும் சரியாகக் கொடுத்தால் ஹீட்டரை முதலில் சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையில் புகையின் சூடே சென்சாருக்குப் போதும்; சிக்னலில் நிற்கும்போதுதான் ஹீட்டர் இல்லாத சென்சார் ஆறிப்போய் வாயடைக்கிறது.

அப்படியே வயரையும் கையில் எடுத்துப் பாருங்கள். மேனிஃபோல்டு சூட்டில் பத்து வருடம் கிடந்த வயரின் மேலுறை அப்பளம் போல் நொறுங்கும். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். கப்ளர் பின்னில் அதே பச்சை இருந்தால் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து மறுபடி பார்த்த பிறகே அடுத்த படி. கப்ளருக்குள் கிரீஸ் வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து சிக்னல். கப்ளரை மாட்டிவிட்டு, அதன் பின்பக்க ரப்பர் சீல் வழியாக மெல்லிய குண்டூசியை வயரை ஒட்டிச் செருகுங்கள். வயர் தோலைக் குத்தித் துளைக்கக் கூடாது. அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கும். மீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பைச் சிக்னலிலும் கறுப்பைச் சென்சார் எர்த்திலும் பிடியுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடித்த பிறகு பாருங்கள். நல்ல சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து விநாடியில் எட்டுத் தடவையாவது 0.45ஐக் கடந்து போக வேண்டும். மீட்டர் மெதுவாக எண்களைக் காட்டும் என்பதால் குறைந்த, அதிக அளவைப் பிடித்து வைக்கும் மின்-மேக்ஸ் (Min-Max) பட்டன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். திறந்த இடத்தில் நின்று செய்யுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

எண் ஒரே இடத்தில் நின்றால் அதோடு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 0.45 அருகில் அசையாமல் நின்றால், பல கார்களில் அது கம்ப்யூட்டரே அனுப்பும் வோல்ட். சென்சார் சூடாகவில்லை அல்லது வயர் அறுந்திருக்கிறது. 0.1லேயே கிடந்தால் எஞ்சின் உண்மையிலேயே லீனாக ஓடலாம். இங்கேதான் சென்சாரைக் கேள்வி கேட்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் ஒரு கணம் கலவை ரிச் ஆகும்; 0.8க்கு மேல் பாய வேண்டும். காலை எடுத்ததும் பெட்ரோல் நிற்கும், 0.2க்குக் கீழே விழ வேண்டும். ஒரு சிறிய வேக்கம் ஹோஸைக் கழற்றினால் இறங்க வேண்டும், மாட்டினால் ஏற வேண்டும். இவ்வளவுக்கும் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும் சென்சார் நல்ல சென்சார். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. நீங்கள் என்ன செய்தாலும் அசையாமலோ, சோம்பேறித்தனமாகவோ, 0.3க்கும் 0.6க்கும் இடையே மட்டும் ஊசலாடினாலோ அதன் காலம் முடிந்தது. நாலு வயர் சென்சார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கும். ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சாரிடம் அந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் முன்பக்கம் இருப்பது ஏர்-ஃப்யூவல் சென்சார் என்ற வேறு வகை. பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் மேலே சொன்ன வோல்ட் கணக்கு அதற்குப் பொருந்தாது, ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டவும் முடியாது.

கழற்றிய சென்சாரின் மூக்கைப் பார்க்காமல் எறியாதீர்கள். அது எப்படிச் செத்தது என்று அங்கே எழுதியிருக்கும். இளம் சாம்பல் நிறம் இயல்பானது. உலர்ந்த கரி, நெடுநாள் ரிச்சாக ஓடியதைச் சொல்கிறது. பளபளப்பான பழுப்புப் படிவு, எஞ்சின் ஆயில் குடிப்பதால் வந்தது. சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தால் இரண்டு சந்தேகம்: ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் உள்ளே போகிறது, அல்லது யாரோ டேப்பட் கவருக்கும் ஆயில் சம்புக்கும் கண்ட சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருக்கிறார்கள். அந்தப் பேஸ்ட்டின் ஆவி எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்து, சென்சாரின் நுண்துளைகளை அடைத்துவிடும். 'சென்சார் சேஃப்' என்று டியூபில் அச்சிட்ட பேஸ்ட்டை மட்டும், அதுவும் நூல் கனத்துக்கு, பயன்படுத்த வேண்டும். இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் மாட்டும் புது சென்சாருக்கும் அதே கதிதான்.

இனி மாற்றும் வேலை. புதியது வாங்கும்போது வண்டியின் மாடல், ஆண்டு, எஞ்சின், பழைய சென்சார் மேல் உள்ள எண், வயர்களின் எண்ணிக்கை, கப்ளர் வடிவம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கடையிலேயே ஹீட்டர் ஓம்ஸ் பார்த்து, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட அளவோடு ஒப்பிடுங்கள். போலியில் இது பெரிதும் மாறும். மாட்டிய அன்றே பி0135 வரும். கப்ளரோடு வரும் சென்சாரையே வாங்குங்கள். வெறும் வயரோடு வருவதை வெட்டி ஒட்டும்போது நம் எலெக்ட்ரீஷியன்கள் சால்டர் வைத்து டேப் சுற்றுவது வழக்கம். அது இங்கே தவறு. பல சென்சார்களில் குப்பிக்கு உள்ளே போக வேண்டிய வெளிக்காற்று, வயரின் செம்பு இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஈயம் உருகி இழைகளை அடைத்தாலும், கப்ளரில் கிரீஸ் வைத்தாலும் மூச்சு முட்டி, தப்பான வோல்ட் வரும். வேறு வழியே இல்லையென்றால் கிட்டோடு வரும் கிரிம்ப் கனெக்டரைத்தான் போட வேண்டும்.

துருப்பிடித்த மரைக்குத் துரு இளக்கும் ஆயிலை, எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது, முந்தின இரவே அடித்து வையுங்கள். சூடான சைலன்சரில் அடித்தால் தீப்பிடிக்கும். காலையில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, கையுறை போட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழற்ற முயலுங்கள். பேட்டரி நெகடிவை எடுத்துவிட்டு, கப்ளரைப் பிரித்து, வயர் எந்தக் கிளிப் வழியாகப் போகிறது என்பதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலை 22 மில்லிமீட்டர். பக்கவாட்டில் வெட்டு உள்ள சென்சார் சாக்கெட் கிடைக்கும். பழையது எப்படியும் போகப்போகிறது என்றால் வயரை வெட்டிவிட்டு 22 ரிங் ஸ்பேனர் போடுவதுதான் எங்கள் கருத்தில் நல்லது. திறந்த வாய் உள்ள டபுள் எண்ட் ஸ்பேனர் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். கால் சுற்று வந்து கீச்சென்று இறுகினால் பலம் காட்டாதீர்கள். மறுபடி உள்ளே திருப்பி, ஆயில் விட்டு, முன்னும் பின்னுமாக வேலை செய்யுங்கள். அவசரப்பட்டால் மேனிஃபோல்டின் மரையும் சேர்ந்து உரிந்து வரும். அப்படி ஆகிவிட்டால் 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் டேப்பால் மரையைச் சுத்தம் செய்யலாம். மரை முற்றிலும் போயிருந்தால் லேத் பட்டறையில் இன்சர்ட் போட வேண்டும்.

புதியதை மூடியோடு கடைசி நிமிடம் வரை பெட்டியிலேயே வையுங்கள். சிமெண்ட் தரையில் விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள்; உள்ளே இருப்பது பீங்கான், விரிசல் வெளியே தெரியாது. மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் பெரும்பாலும் தடவியே வரும். இல்லையென்றால் ஆக்சிஜன் சென்சாருக்கு ஏற்ற பேஸ்ட்டை மரையில் மட்டும் லேசாகத் தடவுங்கள், மூக்கில் ஒரு துளியும் படக் கூடாது. விரலாலேயே கடைசி வரை திருகி, பிறகு 40 முதல் 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு: 25 சென்டிமீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஏறக்குறைய 18 கிலோ இழுவை. வயரை முறுக்காமல், சைலன்சரில் படாமல், பழைய கிளிப்புகளிலேயே ஓட்டுங்கள்.

எரர் கோடை அழித்து 20, 30 கிலோமீட்டர் ஊருக்குள்ளும் வெளியிலுமாக ஓட்டிய பிறகு ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கைப் பாருங்கள். கூட்டலிலும் கழித்தலிலும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் வேலை சரி. ஐடிலிங்கில் 20ஐத் தொட்டு, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்கம் லீக் இன்னும் இருக்கிறது. வேகம் கூடக் கூட டிரிம்மும் ஏறினால் ஃப்யூவல் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள்.

2023 முதல் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், 10 சதவீதக் கலப்புக்குச் சுமார் 14.1 கிலோ காற்று தேவையென்றால், 20 சதவீதத்துக்குச் சுமார் 13.5தான். சென்சார் அதை லீன் என்று சரியாகவே சொல்கிறது, கம்ப்யூட்டர் நாலைந்து சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆரோக்கியமான எஞ்சினுக்கு இந்தச் சமாளிப்பு பெரிதல்ல. ஏற்கெனவே வெடித்த ஹோஸாலும் அடைத்த ஃபில்டராலும் டிரிம் 15, 18 என்று நிற்கும் பழைய காரில்தான் இந்தக் கூடுதல் நாலைந்து சேர்ந்து விளக்கை எரியவைக்கிறது. பெட்ரோல் மாறியதும் சென்சார் போய்விட்டது என்ற பேச்சு இப்படித்தான் வருகிறது.

பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும்போது தாளைப் படித்துப் பாருங்கள். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் வரம்பு 200 பிபிஎம். 2,500 ஆர்பிஎம்மில் லாம்டா (தேவையான காற்றோடு ஒப்பிட்ட காற்றின் அளவு; 1 என்றால் சரியான கலவை) 0.97க்கும் 1.03க்கும் இடையே இருக்க வேண்டும். பிஎஸ் 3 காருக்கு 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும். கார்பன் மோனாக்சைடு எகிறினால் ரிச். அது குறைவாகவே இருந்து லாம்டா 1.03ஐத் தாண்டினால் லீன் அல்லது சைலன்சரில் ஓட்டை. விளக்கை அணைப்பதற்காக ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றுவதும், சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி நட்டு வைத்து மாட்டுவதும் சில இடங்களில் நடக்கின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் தெருப் பிள்ளைகள். அந்த வேலையைக் கேட்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆக்சிஜன் சென்சார் மாற்றினால் பில்லில் பழைய சென்சாரின் ஹீட்டர் ஓம்ஸ், 2,500 ஆர்பிஎம்மில் பார்த்த குறைந்த வோல்ட், அதிக வோல்ட், மாற்றும் முன்னும் பின்னும் ஃப்யூவல் டிரிம் ஆகியவற்றை எழுதுங்கள். பழைய சென்சாரை உரிமையாளர் கையில் கொடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
பழைய பெட்ரோல் கார்களின் எஞ்சின், எலெக்ட்ரிக்கல் வேலை செய்வோர் சிலர்,
கோயம்புத்தூர்.